டி'குரூஸ் என்று தேடினால் பக்கம் ஏன் முறிகிறது?

தங்கச்சிமடத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. இறால், நண்டு, கணவாய், சங்காயம் ஆகியவற்றின் அன்றாடக் கொள்முதல் கணக்கைக் கம்பெனி வாரியாகக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றை அவர் தம் திட்டப்பணிக்காகச் செய்திருக்கிறார். முனியசாமி என்றோ சாகுல் ஹமீது என்றோ ஆங்கில எழுத்தில் தேடினால் கணக்கு வருகிறது. போர்த்துக்கீசியர் காலந்தொட்டுக் கரையோரத்தில் வழங்கும் டி'குரூஸ் என்ற பெயரைத் தேடினால் பக்கம் முறிந்து பிழைச் செய்தி வருகிறது. அந்த ஒற்றை மேற்கோள் குறியை நீக்கிவிட்டால் போதும் என்று யாரோ சொன்னார்களாம். அது சரியா என்கிறார்.

சரியன்று. ஆனால் அவருடைய தவறான வரி, ஒழுங்காக எழுதிய வரி ஒருபோதும் காட்டாத ஒன்றைக் காட்டுகிறது. ஆகவே அதைத் திருத்துவதற்கு முன் நிதானமாகப் படிப்போம்.

பக்கத்தைக் காட்டும் உலாவி, அதை அனுப்பும் சர்வர், கணக்குகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம் என்ற மூன்றும் இதில் பங்கேற்கின்றன. தரவுத்தளத்திடம் எஸ்.க்யூ.எல். மொழியில் கேட்க வேண்டும். மாணவரின் நிரல் அந்தக் கேள்வியைத் துண்டுகளை ஒட்டித் தயாரிக்கிறது: முதலில் கேள்வியின் முற்பகுதி, பிறகு பயனர் தட்டச்சிட்ட பெயர், கடைசியில் மூடும் மேற்கோள் குறி. தமிழில் எழுதினால், 'கம்பெனி = 7 மற்றும் வாங்கியவர் =' என்ற பகுதிக்குப் பின் பெயர் இரு மேற்கோள் குறிகளுக்கு நடுவே அமரும்; 7 என்பது கம்பெனியின் எண்.

தரவுத்தளத்தில் இப்படி ஒட்டிய எழுத்துச் சரத்தைப் படிப்பது பார்சர் என்னும் பகுதி. அது எழுத்து எழுத்தாக முன்னேறும். மேற்கோள் குறியைக் கண்டதும், இனி வருவது வெறும் தரவு என்று கொண்டு, அடுத்த மேற்கோள் குறி வரும் வரை எதையும் ஆராயாமல் சேகரிக்கும். அடுத்த குறியைக் கண்டதும் தரவு முடிந்தது, இனி வருவது கட்டளை என்று நிலை மாறும். டி'குரூஸ் என்ற பெயரில் 'டி' என்ற எழுத்தோடு தரவு முடிந்துவிடுகிறது. குரூஸ் என்பதைப் பார்சர் கட்டளையாகப் படிக்க முயல்கிறது. அப்படியொரு கட்டளை இலக்கணத்தில் இல்லாததால் நின்றுவிடுகிறது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் தரும் பிழைச் செய்தி குரூஸ் என்ற இடத்தைச் சுட்டுவதன் காரணம் இதுவே. பாவம், பெயர் மீது பழி விழுகிறது.

குரூஸ் என்ற இடத்தில் இலக்கணத்துக்குப் பொருந்தும் ஒன்று வந்தால் என்ன நடக்கும்? ஒருவர் தேடல் கட்டத்தில் முதலில் ஒரு மேற்கோள் குறி, அதையடுத்து 'அல்லது' என்ற சொல், அதன் பின் '1'='1 என மூன்றையும் சேர்த்து இடுகிறார் எனக் கொள்வோம். நிரல் ஒட்டிய பிறகு கேள்வி இப்படி ஆகும்:

கம்பெனி = 7 மற்றும் வாங்கியவர் = '' அல்லது '1' = '1'

பார்சர் படித்ததை ஒரு மரவடிவில் அடுக்கும். மாணவர் எண்ணிய மரத்தில் உச்சியில் 'மற்றும்', அதன் கீழே இரண்டு ஒப்பீடுகள் இருந்தன. இப்போது உச்சியில் 'அல்லது' ஏறிவிட்டது. 'மற்றும்' என்பதற்கு முன்னுரிமை அதிகம் என்பதால், அது தன் இரண்டு ஒப்பீடுகளையும் இழுத்துக்கொண்டு ஒரு கிளையாகக் கீழே இறங்குகிறது; மறு கிளையில் எப்போதும் உண்மையான '1' = '1' தனித்து நிற்கிறது. கம்பெனி 7 என்ற காவல் ஒரு கிளைக்குள் அடைபட்டுப் பயனற்றுப்போக, எல்லாக் கம்பெனிகளின் கணக்கும் திரையில் வந்து விழுகிறது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. பயனர் இட்ட எழுத்துகள் மரத்தின் வடிவத்தையே மாற்றிவிட்டன. ஒரு சிறு குறி இவ்வளவு செய்வதை எத்தனை முறை வரைந்து பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் எனப்படும் இந்த வழியை 1998 டிசம்பரில் ஃபிராக் என்ற மின்னிதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் விவரித்தார். 2015இல் பிரிட்டனின் தொலைபேசி, இணையச் சேவை நிறுவனமான டாக்டாக்கிலிருந்து ஏறத்தாழ 1.57 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்கள் இதே வழியில் வெளியேறின. அடுத்த ஆண்டு அந்நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

மேற்கோள் குறியை நீக்கும் யோசனைக்கு வருவோம். முதலாவதாக, அது ஒருவருடைய பெயரைத் திரிக்கிறது. இரண்டாவதாக, கேட்பது பெயராக இல்லாமல் எண்ணாக இருந்தால் மேற்கோள் குறியே தேவையில்லை; 7 என்ற இடத்தில் 7 அல்லது 1=1 என்று இட்டாலே போதும். இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுத உதவும் பி.எச்.பி. மொழி ஒரு காலத்தில் வந்த குறிகளுக்கெல்லாம் முன்னால் தானாகச் சாய்கோடு இட்டுப் பார்த்து, பெயர்களுக்குள் அந்தக் கோடுகள் மிஞ்சிய தொல்லையையும் கண்டபின், 2012இல் 5.4 பதிப்பில் அவ்வசதியைக் கைவிட்டது. ஏன் காக்கிறது என்று அறியாமல் நிரலில் ஒட்டிவைக்கும் வரியும் மூடநம்பிக்கையே என்பது என் கருத்து. கணினி முன் அமர்ந்து செய்வதால் அது அறிவியல் ஆகிவிடாது.

உரிய வழி, கேள்வியையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்புவது. மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி இட்ட சரம் முதலில் செல்கிறது. பார்சர் மரத்தைக் கட்டி முடிக்கிறது. அதன் பிறகே டி'குரூஸ் வந்து சேர்கிறது. அச்சிட்ட படிவத்தின் பெயர்க் கட்டத்துக்குள் ஒருவர் எதை எழுதினாலும் படிவத்தின் வாசகம் மாறாததைப் போல, கட்டி முடித்த மரத்தின் இலையில் எது வந்தாலும் அது மதிப்பாகவே இருக்கும்.

நம் ஆய்வக ஏடுகளில் சரியான நிரல்கள் மட்டுமே இருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம். கெட்ட நிரல்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எங்கே ஏன் முறிகிறது என்று உரை எழுதும் ஆசிரியருக்குக் கல்லூரிகள் நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும். வேண்டுமென்றே ஓட்டைகளுடன் எழுதப்பட்ட வெப்கோட், ஜூஸ் ஷாப் என்னும் பயிற்சி நிரல்களை, மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு இலவசமாகவே தருகிறது. அவற்றைச் சொந்தக் கணினியில் மட்டும் இயக்க வேண்டும். அனுமதியின்றிப் பிறர் தளத்தில் சோதிப்பவர் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்குப் பதில் சொல்ல நேரிடும்.

மாணவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. விலைப்படி அல்லது எடைப்படி வரிசைப்படுத்தும் வசதியும் அவர் பக்கத்தில் இருக்கிறது. நெடுவரிசையின் பெயர் மரத்தின் வடிவத்தைச் சேர்ந்தது என்பதால் அங்கே கேள்விக்குறி உதவாது. விலை, எடை, தேதி என்று அனுமதித்த பெயர்களை நிரலிலேயே எழுதிவைத்து, வந்த சொல் அவற்றுள் ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்று, மற்றதைத் தள்ளிவிட வேண்டும்.