நெரிசல் பின்னோக்கி நகர்கிறது

மாலையில் சென்னையின் தென்புறமுள்ள தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலை என்னும் நெடுஞ்சாலையில் தெற்கே போகிறவர்களுக்கு இது பழகிப்போன அனுபவம். பெருங்களத்தூர் நெருங்கும்போது வண்டி நின்றுவிடும். கால் மணி நேரம் ஊர்ந்தபின் சாலை சட்டென்று விட்டுக்கொடுக்கும். விபத்து எதுவும் கண்ணில் படாது, பழுதான லாரியும் இருக்காது. பிறகு எதற்காக நின்றோம்?

இதற்கான விடையை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுகியாமாவும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஒரு சோதனை காட்டுகிறது. 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் சீராக ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. இருந்தும் சற்று நேரத்தில் யாரோ ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் பயந்து இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குறைத்தார். அது கார் காராகத் தொற்றிப் பெருகி, கடைசியில் சில கார்கள் முழுதாக நின்றேவிட்டன. கார்கள் முன்னே நகர, நெரிசல் மட்டும் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் போனது. அந்தக் கணக்குப்படி, நம்மை நிறுத்திய பிரேக் மூன்று நிமிடத்துக்கு முன்பு, ஒரு கிலோமீட்டர் தள்ளி அழுத்தப்பட்டதாக இருக்கலாம். நாம் அந்த இடத்தை அடையும்போது அங்கே எந்தத் தடயமும் மிஞ்சியிருக்காது.

ஒரு வழித்தடத்தில் வண்டிக்கு வண்டி இரண்டு நொடி இடைவெளி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 1,800 வண்டிகள் கடக்கலாம். வண்டிகள் நெருங்க நெருங்க வேகம் குறையும். ஒரு கட்டத்துக்குப் பிறகு கடந்துபோகும் வண்டிகளின் எண்ணிக்கையே குறைந்துவிடும். என்னை மிகவும் உறுத்துவது இதற்கு அடுத்த படி: வரிசை ஒருமுறை கட்டிவிட்டால், அதிலிருந்து வெளியேறும் வண்டிகள் முன்பு போனதைவிடக் குறைவாகவே இருக்கும். நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தாமதித்துக் கிளம்புவதே காரணம். சாலை அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அதன் கொள்ளளவு சுருங்குகிறது.

ஆகவே புறநகர் நெடுஞ்சாலை மேம்பாடு என்றால் வழித்தடங்களைக் கூட்டுவது மட்டுமே என்று நினைக்க முடியவில்லை. இரும்புலியூர் முதல் வண்டலூர் வரை எட்டு வழியாக அகலப்படுத்தியது தேவையான வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் எட்டு வழியில் வருகிற வண்டிகள் அடுத்த குறுகலில் போய்ச் சேர்ந்தால் வரிசை அங்கே கட்டும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008இல் பெரிதாக விரித்து முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 வழிகள். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் மறுபடி நீளத் தொடங்கியது. அகலமான சாலை புதுக் குடியிருப்புகளையும் புது வண்டிகளையும் அழைத்து வந்துவிடுகிறது.

பணம் போக வேண்டிய இடங்கள் வேறு. வண்டலூரில் வெளிவட்டச் சாலையும் கேளம்பாக்கம் சாலையும் வந்து சேர்கின்றன; அந்தச் சேர்க்கை பிரேக் இல்லாமல் நடக்க நீளமான இணைப்புத் தடம் வேண்டும். உள்ளூர் வண்டிகளுக்கு அறுபடாத அணுகுசாலை வேண்டும். பஸ் நிறுத்தம் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்க வேண்டும். சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் பழைய கணக்கில் ஒரு பஸ் மூன்று காருக்குச் சமமான இடத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த மூன்று கார்களில் மொத்தம் ஐந்தாறு பேர் போனாலே அதிகம், பஸ்ஸில் ஐம்பது பேர் போகிறார்கள். அப்படியிருக்க, பஸ் ஒதுங்க ஓர் இடம் கொடுக்காமல் அதை நெரிசலுக்குக் காரணம் என்று திட்டுவது நியாயமே இல்லை.

இதே சாலையில் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே உள்ள கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. புறநகர் ரயில் பாதை எதிர்ப்புறத்திலேயே ஓடுகிறது. ஆனால் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையமும் இல்லை, அதற்குப் போக நடைமேம்பாலமும் இல்லை. பெட்டியும் குழந்தையுமாக ஒரு குடும்பம் அந்த அகலமான சாலையைக் கால்நடையாகக் கடக்கும்போது முதலில் ஆபத்தில் இருப்பது அவர்கள் உயிர். அவர்களுக்காக ஒரு கார் பிரேக் பிடிக்கிறது. அந்த அலை ஊரப்பாக்கத்தையோ வண்டலூரையோ நோக்கிப் பின்னால் கிளம்பிவிடுகிறது.