ஹோமில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு மனு

கணவர் இறந்து சில மாதங்களில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: “நல்ல ஹோமா பார்த்துச் சேர்த்துவிடுங்க மேடம்.” சாப்பாடும் படிப்பும் கிடைக்கும், தானும் வேலைக்குப் போகலாம் என்பது அவர்கள் கணக்கு. சொந்தக்காரர்களும் அதையே சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஹோம் என்று சொல்லும் இந்தக் குழந்தைகள் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு அங்கே சோறு போடப் போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. வறுமைதான் பிரச்சினை என்றால் முதலில் கேட்க வேண்டியது, மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் வரும் நிதி ஆதரவு. ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்தவர், விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர், உயிருக்கு ஆபத்தான நோயில் இருப்பவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இது உண்டு. பெற்றோர் இல்லாமல் பாட்டி வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ வளரும் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது நகரத்தில் மாதம் 8,000. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணே அதைத் தாண்டிவிடுவார். இந்த வரம்பை வைத்தவர்கள் வீட்டு வாடகை கொடுத்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அலைச்சல் இருக்கத்தான் செய்யும். ஏற்கெனவே இல்லத்தில் இருக்கும் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வரவும் இதே உதவியைக் கேட்கலாம். இதைப் பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அடி, பாலியல் தொல்லை என்றால் பேச்சே வேறு. உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். மீட்ட குழந்தையை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவர வேண்டும்; குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது இந்தக் குழுதான். அப்போதும் அத்தை, பாட்டி என்று பாதுகாப்பாக வைத்துக்கொள்ள யாராவது இருந்தால் குழுவிடம் சொல்லுங்கள்.

அப்புறம், கையெழுத்து விஷயம். இல்லத்தில் சேர்ப்பது வேறு, குழந்தையை ஒப்படைத்துவிட்டேன் என்று குழு முன் எழுதிக் கொடுப்பது வேறு. இரண்டாவது, தத்துக் கொடுப்பதில் போய் முடியும். மனம் மாறினால் சட்டம் 60 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் குழந்தையைத் திருப்பித் தரும்படி குழுவுக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.