‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்கும் விண்டோஸ் அப்டேட்

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை என்ற தீநிரல், கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்கு 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது. விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓட்டை வழியே, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, கணினிக்குக் கணினி தானாகத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. இரண்டு மாதமாக அதைப் போடாமல் விட்ட கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின.

அப்டேட் வெளியான நாளிலிருந்து, அதைப் போடாதவர்களுக்கு ஆபத்து கூடுகிறது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. அப்டேட்டுக்கு முந்தைய விண்டோஸ் கோப்புகளையும் பிந்தைய கோப்புகளையும் ஒப்பிட்டாலே ஓட்டை எங்கே இருந்தது என்று தாக்குபவருக்குத் தெரிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடுகிறது; நம் ஊர் நேரப்படி அன்று இரவு. அந்த வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். பல மாதம் விட்டுப்போயிருந்தாலும் கவலை வேண்டாம், கடைசி மாதத் தொகுப்பிலேயே முந்தைய திருத்தங்களும் அடங்கியிருக்கும்.

வீட்டுக் கணினிகளில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று: அப்டேட் இறங்கியிருக்கும், ஆனால் முடிந்திருக்காது. தினமும் அணைக்கிறோமே என்பார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (கணினியை விரைவாகத் தொடங்கவைக்கும் வசதி) இயங்கும் கணினியில் வெறும் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதி முழுதாக மூடப்படாது. அதன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து மறுநாள் அப்படியே ஏற்றிக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அப்டேட் நிறுவப்படும் சதவீதம் திரையில் ஓடும்போது மின்சாரம் போகக்கூடாது. மடிக்கணினி என்றால் சார்ஜரில் இருக்கட்டும், மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் வேண்டும்.

80070070 என்று முடியும் பிழை எண் வந்தால் சி டிரைவில் இடமில்லை என்று பொருள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற வரியும் இருக்கும். அதை டிக் செய்தால் நீங்கள் இறக்கி வைத்த ஆவணங்களும் சேர்ந்து போய்விடும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மட்டுமே இணைபவர்கள், அந்த இணைப்பு மீட்டர்டு (டேட்டா அளவு கட்டுப்படுத்தப்பட்டது) என்று குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அப்படியிருந்தால் பெரும்பாலான அப்டேட்டுகள் தானாக இறங்காது.

உரிமம் இல்லாத விண்டோஸ் போட்டுத் தரப்பட்ட கணினிகளில் அப்டேட் சேவையையே முடக்கி வைத்திருப்பதுண்டு. ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, விண்டோஸ் அப்டேட் என்ற வரி டிசேபிள்டு என்றிருக்கிறதா எனப் பாருங்கள். இருந்தால் மேனுவல் என்று மாற்றலாம். ஆனால் அப்படிப்பட்ட பிரதியில் இன்னும் என்னென்ன மாற்றப்பட்டிருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் மட்டும் போதாது. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருந்தால், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு மூலம் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் தேவை. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர். இவை இல்லாத பழைய கணினியில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். இணையம் பார்க்க, கடிதம் தட்டச்சு செய்ய அது தாராளமாகப் போதும்.