பிபிஎஃப்பா, மியூச்சுவல் ஃபண்டா? புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு

மார்ச் மாதம் வந்தால் வரியை மிச்சம் பிடிக்க பிபிஎஃப்பில் (அரசின் பொது வருங்கால வைப்பு நிதி) பணம் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஆனால் 80சி என்று சொல்லப்படும் சேமிப்புக் கழிவில் 1.5 லட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் வசதி பழைய வரி முறையில் மட்டும்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து, நாமாகப் பழைய முறையைக் கேட்காவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். அதில் இந்தக் கழிவு இல்லை.

அதனால் பிபிஎஃப் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் வட்டிக்கு எந்த முறையிலும் வரி கிடையாது. 2020 ஏப்ரலில் வட்டி 7.1 சதவீதம் ஆனது. அதே வட்டி ஃபிக்சட் டெபாசிட்டில் வந்தால், 30 சதவீத வரி கட்டுபவர் கையில் 5 சதவீதம்கூட நிற்காது. சிக்கல் 15 வருடக் கட்டுதான். ஏழாவது நிதியாண்டிலிருந்து ஓரளவு எடுக்கலாம், அதுவும் வருடத்துக்கு ஒரு முறை.

ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டை, அதாவது பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டை, பொதுவாக எப்போது வேண்டுமானாலும் விற்கலாம், விற்கும் வரை வரி இல்லை. ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். அதற்குப் பிறகு என்றால், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 2 லட்சம் லாபத்தை ஒரே ஆண்டில் எடுத்தால் 75,000 ரூபாய்க்கு வரி வரும். பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் விற்றால், வேறு லாபம் இல்லாதவருக்கு வரியே இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: புதிய முறையில் 12 லட்சம் வரையான வருமானத்துக்கு வரியை இல்லாமல் செய்யும் தள்ளுபடி இந்த லாபத்தின் மீதான வரிக்குப் பொருந்தாது. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

என் கருத்து, ஏழெட்டு வருடத்துக்குள் வீடு, படிப்பு என்று தேவைப்படும் பணத்தை வரிக்காகப் பூட்டி வைக்கவே கூடாது.

சம்பளக்காரர்கள் எச்ஆரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நிறுவனம் நம் பெயரில் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கட்டுமா? அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை, புதிய முறையிலும் வரிக்கழிவு உண்டு. ஆனால் அந்தப் பணம் ஓய்வுக்காலம் வரை பெரும்பாலும் கைக்கு வராது. முடிவில் ஒரு பகுதியை மாத ஓய்வூதியமாகத்தான் மாற்ற வேண்டும், அந்த ஓய்வூதியத்துக்கு வரியும் உண்டு.

சரி, வீட்டு வாடகை, வீட்டுக் கடன் காரணமாகப் பழைய முறையிலேயே இருப்பவர்கள்? முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். உங்கள் பங்காகப் பிடிக்கும் பிஎஃப் தொகையும் அந்த 1.5 லட்சத்துக்குள்தான் அடங்கும். மீதி இடத்துக்கு மட்டும்தான் பிபிஎஃப்பில் போடும் பணம் வரியைக் குறைக்கும்.