சூடோ போட்டா மட்டும் ஸ்கேனர் ஓடுதா? ஸ்கேனர் மேல தப்பில்ல

சின்ன ஆபீஸ், ஜெராக்ஸ் கடைன்னு லினக்ஸ் சிஸ்டம் வச்சிருக்கறவங்களுக்கு சர்வீஸ் பண்றேன், அதுல அடிக்கடி வர்ற போன் "அண்ணே, ஸ்கேனர் செத்துப்போச்சு"ங்கறதுதான். போய்ப் பார்த்தா பாதி நேரம் ஸ்கேனர் நல்லாத்தான் இருக்கும், அதைத் தொடறதுக்கு அந்த யூசருக்கு பெர்மிஷன் இருக்காது.

ஒரு கடையில யாரோ சொன்னாங்கன்னு எக்ஸ்சேன்ங்கற ஸ்கேன் புரோகிராமையே ரூட்டா (எல்லா அதிகாரமும் உள்ள யூசரா) ஓட்டிட்டு இருந்தாங்க. ஸ்கேன் ஆகுது, ஆனா ஃபைல் எல்லாம் ரூட் பேர்ல போய் உக்காந்துக்கிச்சு, வேலை பாக்கற பையன் திருத்தி சேவ் பண்ணப் போனா விடல. ரூட்டா திறந்தா எக்ஸ்சேனே ஆபத்துன்னு எச்சரிக்கும், தயவுசெஞ்சு அதை அழுத்தித் தள்ளிட்டுப் போகாதீங்க.

முதல்ல டெர்மினல்ல எல்எஸ்யுஎஸ்பி (யுஎஸ்பில மாட்டினதைக் காட்டற கமாண்ட்) அடிச்சுப் பாருங்க, அதுலயே வரலன்னா கேபிளைப் பாருங்க. வந்துச்சுன்னா ஸ்கேனர்களைப் பட்டியல் போடற ஸ்கேன்இமேஜ் ஹைஃபன் பெரிய எல் கமாண்டை சாதா யூசரா ஒரு தடவை, சூடோ போட்டு (அதாவது ரூட் அதிகாரத்தோட) ஒரு தடவை ஓட்டுங்க. சூடோல மட்டும் ஸ்கேனர் தெரிஞ்சா பெர்மிஷன் பிரச்னைதான், சூடோ வேலை அதோட முடிஞ்சுது.

மெஷின் முன்னாடி உக்காந்து லாகின் பண்றவருக்கு சிஸ்டம்டி (லினக்ஸோட சர்வீஸ், லாகினை எல்லாம் கவனிக்கற பகுதி) தானா அனுமதி கொடுத்துடும், அதனாலதான் நேர்ல ஓடற ஸ்கேனர் எஸ்எஸ்ஹெச்ல (வேற மெஷின்ல இருந்து நெட்வொர்க் வழியா) வந்தா ஓடாது. அந்த மாதிரி இடத்துல ஸ்கேனரோட டிவைஸ் ஃபைல் (சிஸ்டம் அந்த ஸ்கேனரைத் தொடற ஃபைல்) எந்த குரூப்ல இருக்குன்னு பார்த்து (பெரும்பாலும் 'ஸ்கேனர்' அல்லது 'எல்பி'ங்கற குரூப்தான்) யூசரை அதுல சேர்க்கணும். சேர்க்கும்போது யூசர்மாட் கமாண்ட்ல பெரிய ஜி-க்கு முன்னாடி சின்ன ஏ கட்டாயம் வேணும், அதை விட்டுட்டா அந்த யூசர் இருந்த மத்த குரூப் எல்லாம் போயிடும், சூடோ போட அனுமதி தர்ற சூடோ குரூப்பும் சேர்த்துத்தான், அப்புறம் ரெக்கவரி மோடுல போய் மீட்கற நிலைமை வந்துடும். சேர்த்தப்புறம் லாக்அவுட் பண்ணி மறுபடி உள்ள வாங்க, அதுவரைக்கும் புது குரூப் வேலை செய்யாது.

டிவைஸ் ஃபைலுக்கு சிஎச்மாட் 666 (எல்லாருக்கும் படிக்க, எழுத அனுமதி) போட்டு சமாளிக்கறவங்களும் உண்டு. கேபிளைப் பிடுங்கி மாட்டினா டிவைஸ் ஃபைல் புதுசா உருவாகும், போட்டது போச்சு. நிலைக்கணும்னா யூடெவ் ரூல் (டிவைஸ் மாட்டும்போதெல்லாம் அனுமதியைத் தானா வைக்கற விதி) எழுதுங்க.

பிரின்டர் கதை வேற. பிரின்ட் எடுக்க குரூப் எதுவும் தேவையில்ல, லினக்ஸோட பிரின்ட் சர்வீஸான கப்ஸ் பாத்துக்கும், உபுன்டு, டெபியன்ல பிரின்டர் சேர்க்க, மாத்தத்தான் எல்பிஅட்மின் குரூப் கேக்கும். அந்த கஷ்டத்துக்காக கப்ஸோட 631 போர்ட்டை வெளி நெட்டுக்குத் திறந்துவிடவே விடாதீங்க, 2024 செப்டம்பர்ல கப்ஸ்-பிரவுஸ்டுல (நெட்வொர்க்ல பிரின்டர் தேடற சர்வீஸ்) வெளிய வந்த பாதுகாப்பு ஓட்டை இந்த 631 வழியாத்தான்.