அன்லிமிடெட் ஹோஸ்டிங்குக்கும் அளவு உண்டு

சபரிமலை சீசனில் கன்னியாகுமரியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படிப்பட்ட ஒரு கார்த்திகை மாதக் காலையில், கடற்கரையருகே விடுதி நடத்தும் அண்ணாச்சி ஒருவர் நாகர்கோவிலில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "தம்பி, சைட்டைத் திறந்தால் 508 என்று ஏதோ வருகிறது. அன்லிமிடெட் என்று சொல்லித்தானே காசு வாங்கினார்கள்?"

சொன்னார்கள்தான். ஹோஸ்டிங் என்பது நம் இணையதளத்தை எப்போதும் இயங்கும் சர்வர் கணினியில் வாடகைக்குக் குடிவைப்பது. பெரும்பாலும் அன்லிமிடெட் என்ற சொல் கோப்புகளை வைக்கும் இடத்தையும் மாதம் முழுக்கப் போய்வரும் டேட்டாவையும் மட்டுமே குறிக்கும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கின்றன. ஒருவர் வீட்டுக் கல்யாணக் கூட்டம் அடுத்த வீட்டு வாசலை அடைக்காமலிருக்க, கிளவுட்லினக்ஸ் போன்ற மென்பொருள் ஒவ்வொரு கணக்கையும் சுற்றி வேலி போடுகிறது. பிராசசர் இவ்வளவு, மெமரி இவ்வளவு, வட்டிலிருந்து நொடிக்கு இவ்வளவு படிக்கலாம், ஒரே நேரத்தில் இத்தனை வேலைகள் நடக்கலாம் என்று கணக்கு. வேலி வேண்டியதுதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அன்லிமிடெட் என்று போட்டுவிட்டு, வேலியின் அளவைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போடுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

அண்ணாச்சிக்கு அவர் விடுதியை வைத்தே விளக்கினேன். அறைகள் எத்தனை இருந்தாலும் வரவேற்பு மேசையில் ஒரே நேரத்தில் இருபது பேர்தான் நிற்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தோராவது ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த மேசைக்குத்தான் என்ட்ரி பிராசஸ் என்று பெயர். திருப்பி அனுப்பும் பலகைதான் 508. பல சிறிய திட்டங்களில் இந்த அளவு 20. ஒரு நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது இங்கே பொருட்டில்லை. ஒவ்வொருவரும் மேசையில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதே கேள்வி. ஒரு பக்கம் தயாராக 4 நொடி ஆனால், 20 இடத்தில் நொடிக்கு 5 பக்கம்தான் போகும். அதே பக்கம் அரை நொடியில் தயாரானால் நொடிக்கு 40 போகும்.

அவர் அதற்குள் அடுத்த விலைத் திட்டத்துக்கு மாறத் தயாராகிவிட்டார். சர்வர் பதிவைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம் என்று தடுத்தேன். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் ரிசோர்ஸ் யூசேஜ் என்ற பக்கத்தைத் திறந்தால், எந்த மணியில் எந்த அளவு முட்டியது என்று கோடு போட்டுக் காட்டும். என்ட்ரி பிராசஸ் கோடு விடியற்காலை 3 மணிக்கே உச்சத்தில் நின்றது. அந்நேரம் எந்த ஐயப்ப பக்தர் அறை தேடுவார்?

தளத்துக்கு யார், எப்போது, எந்தப் பக்கம் கேட்டு வந்தார்கள் என்பதைக் குறித்துவைக்கும் ரா அக்சஸ் பதிவை இறக்கி வரிவரியாகப் பார்த்தபோது விடை கிடைத்தது. தேடுபொறிகளின் பாட் ஒன்று, அதாவது தளங்களைத் தானாக மேயும் நிரல், அறை இருப்பைக் காட்டும் காலண்டரில் 'அடுத்த மாதம்' என்ற சுட்டியை ஓயாமல் தட்டிக்கொண்டே போயிருந்தது. நான் பார்த்தபோது அது 2091 ஜூலைக்கு அறை கேட்டுக்கொண்டிருந்தது. காலண்டரின் ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய பக்கம். ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸைத் துழாவ வேண்டும். கூடவே, தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், வெளி நிரல்கள் உள்ளே பேசுவதற்கான வாசலான எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பைக் கடவுச்சொல் தேடும் திருட்டு நிரல்கள் இடித்துக்கொண்டிருந்தன.

காலண்டரை ஓராண்டோடு நிறுத்தினோம். எங்கே போகலாம், போகக்கூடாது என்று பாட்களுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அந்தச் சுட்டிகளுக்குத் தடை எழுதினோம். ஆனால் சொல்பேச்சுக் கேட்கும் பாட்களுக்கு மட்டுமே அது பொருந்தும். எக்ஸ்எம்எல்-ஆர்பிசியை அடைத்தோம். முன்பதிவுப் பக்கத்தைத் தவிர மற்றவற்றுக்கு கேஷ் போட்டோம், அதாவது ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கும் அதையே கொடுப்பது. முன்பதிவுப் பக்கத்தையும் சேர்த்து கேஷ் செய்துவிடாதீர்கள். ஏற்கெனவே பதிவான அறையைக் காலி என்று காட்டும்.

எல்லா அளவும் 508 காட்டி எச்சரிப்பதில்லை. பிராசசரும் வட்டு வேகமும் முட்டினால் தளம் ஆமை வேகத்தில் நகரும், அவ்வளவுதான். வட்டு வேகம் நொடிக்கு 1 எம்பி என்றால், 3 ஜிபி படங்களை பேக்கப் எடுக்கப் படிப்பதற்கு மட்டுமே ஏறக்குறைய 50 நிமிடம். அதை நண்பகலில் ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மெமரி தீர்ந்தால் 500 அல்லது 503 என்ற பிழை எண் வரும்.

கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு, ஐநோடு என்பார்கள். தோவாளையில் பூ வியாபாரம் செய்யும் ஒருவர் ஓணம் நெருங்கும் வேளையில், விலைப்பட்டியலை ஏற்ற முடியவில்லை என்று வந்தார். இடம் ஏராளமாக இருந்தது. பல ஆண்டுகளாக யாரும் திறக்காத மின்னஞ்சல் பெட்டியில் குப்பை அஞ்சல்கள் மலையாகக் குவிந்திருந்தன. ஒவ்வோர் அஞ்சலும் ஒரு கோப்பு. காலி செய்ததும் பட்டியல் ஏறியது.

இத்தனையும் செய்த பிறகும் பகல் நேரத்தில், மெய்யான வாடிக்கையாளர்களாலேயே கோடு முட்டுகிறது என்றால், சர்வரில் நமக்கென்று ஒரு பங்கை ஒதுக்கித் தரும் விபிஎஸ்ஸுக்குப் போகலாம். அப்போது செலவு செய்வதில் தவறில்லை.

அண்ணாச்சி இப்போது மாதம் ஒருமுறை அந்தக் கோட்டுப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒருசேரக் காண, சித்திரா பௌர்ணமியன்று கூட்டம் கடற்கரையில் திரண்டிருந்த மாலையிலும் கோடு 6-ஐத் தாண்டவில்லை. படத்தின் கீழே எழுதியிருந்தார்: "தம்பி, 2091 விருந்தாளி முன்பணம் இன்னும் அனுப்பவில்லை."