ஒரு நாட்டில் எவ்வளவு மரம் நிற்கிறது என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பின்லாந்துக் காடுகளில் இப்போது நிற்கும் மரத்தின் மொத்த அளவு சுமார் 250 கோடி கன மீட்டர். மரம் மரமாக எண்ணிய கணக்கு இல்லை இது. நிலத்தில் முக்கால் பங்கு காடாக இருக்கிற நாட்டில் அது நடக்கிற காரியமா?

1921இல் யூர்யோ இல்வெஸ்ஸலோ என்ற வனவியலாளர் தலைமையில் அங்கே ஒரு வேலை தொடங்கியது. நாட்டின் குறுக்கே, தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, 26 கிலோமீட்டருக்கு ஒன்றாக நேர்கோடுகள் போட்டு, காடு, சதுப்பு, வயல் எது வந்தாலும் விலகாமல் அந்தக் கோட்டிலேயே நடந்து அளந்தார்கள். 1924இல் முடிந்தது. ஒரு நாடு முழுவதையும் மாதிரி எடுத்து அளந்த முதல் சில காட்டுக் கணக்கெடுப்புகளில் இது ஒன்று.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால்தான் பொருந்தும், காடு அப்படிச் சீராக இருப்பதில்லை, அதனால் பல்லாயிரம் இடங்களில் மாதிரி எடுக்கிறார்கள். எந்த மரத்தை அளப்பது என்பது ஆளின் விருப்பத்துக்கு விடப்படுவதில்லை, இடம் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். துல்லியம் பெரும்பாலும் எத்தனை மாதிரிகள் என்பதைப் பொறுத்தது, காட்டில் எத்தனை சதவீதத்தை அளந்தோம் என்பதை அல்ல. இந்த முறையின் பலமே அதுதான்.

ஒரு மரத்துக்கான கணக்கு எளிது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் விட்டம், அப்புறம் மரத்தின் உயரம். 30 சென்டிமீட்டர் விட்டமும் 20 மீட்டர் உயரமும் உள்ள மரத்தை நேர் உருளையாக எடுத்தால் 1.4 கன மீட்டர் வரும். அடிமரம் மேலே போகப் போகச் சிறுத்துவிடுவதால் அதில் ஏறத்தாழ பாதிதான் உண்மையான அளவு.

1920களில் மொத்த இருப்பு 160 கோடிக்கு அருகில் இருந்தது. போருக்குப் பின் பத்தில் ஒரு பங்கு நிலம் சோவியத் ஒன்றியத்திடம் போன பிறகும், காலமெல்லாம் மரம் வெட்டி விற்றும், இருப்பு இவ்வளவு ஏறியிருக்கிறது, ஏனென்றால் வெட்டியதைவிட வளர்ந்தது அதிகம். இப்போது ஆண்டு வளர்ச்சி 10 கோடி கன மீட்டரைத் தாண்டுகிறது.

சரி, இது யாருடைய மரம்? காட்டு நிலத்தில் சுமார் 60 சதவீதம் சாதாரணக் குடும்பங்களுடையது, சொந்தக்காரர்கள் 6 லட்சத்துக்கும் மேல். அரசிடமும் நிறைய இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி வடக்கே, குளிரில் மரம் மெதுவாக வளரும் பகுதியில். செழிப்பான தெற்கு பெரும்பாலும் குடும்பங்களிடம் இருப்பதால், ஆலைகளுக்குப் போகும் உள்நாட்டு மரத்தில் ஐந்தில் நான்கு பங்கு அவர்கள் விற்பதுதான். வெட்டலாமா, இன்னும் பத்து வருஷம் விடலாமா என்பதை அந்த வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். ஆனால் வெட்டிய இடத்தில் மறுபடி காடு வளர்க்க வேண்டும் என்பது சட்டம்.

ஒன்றை மட்டும் இந்த மர இருப்புக் கணக்கு காட்டாது, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. வளர்ச்சியைக் கூட்ட, முழுதாக மக்காத தாவரங்கள் நீரில் சேர்ந்து உண்டான கரிச்சதுப்பு நிலம் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். மரம் நன்றாக வந்தது, இருப்பும் ஏறியது. ஆனால் நீர் வடிந்த கரிமண் காற்றுப் பட்டு மெல்ல மக்கி, பல ஆயிரம் ஆண்டு சேர்ந்த கரிமத்தைக் கரியமில வாயுவாக வெளியே விடுகிறது. மரம் இழுத்து வைப்பதை ஒரு பக்கம் எழுதினால், மண் விடுவதையும் பக்கத்திலேயே எழுதியாக வேண்டும்.